சென்னைக்கு விடுமுறையில் வருகிறீர்களா? உடல்நலம், பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு நங்கநல்லூரில். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் வெளிநாட்டிலிருந்து எந்த உறவுக்காரர் வந்தாலும் முதல் இரவு பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட் போட்ட கையோடு போன் வந்துவிடும். ஊசி ஏதாவது போட வேண்டுமா, தண்ணீர் எப்படி, கொசு இருக்கிறதா, பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரையும், இந்த ஊரிலேயே இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கின்றன. உங்கள் உடம்புக்கு எந்த மருந்து, எந்த ஊசி என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர்தானே? இதெல்லாம் எங்களுக்கும் தேவையா?

கட்டாயம் தேவை. சொல்லப்போனால், ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரப் பயணியைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை. அவர் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார், மூடியை உடைக்காத பாட்டில் தண்ணீர் குடிக்கிறார், பத்து நாளில் கிளம்பிவிடுகிறார். நீங்கள் அத்தை வீடு, சித்தப்பா வீடு, கல்யாண மண்டபம், குலதெய்வம் கோயில் என்று ஒரு மாதம் சுற்றுகிறீர்கள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. சொந்த ஊருக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்களிடம்தான் டைஃபாய்டும் மலேரியாவும் அதிகம் வருகின்றன என்பது பயண மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

சின்ன வயதில் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தான் நீங்கள். ஆனால் அந்த எதிர்ப்புச் சக்தி இருபது வருடம் அப்படியே காத்திருக்காது. வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கோ அது தொடக்கத்திலிருந்தே கிடையாது. அதனால்தான் ஒரே பந்தியில் சாப்பிட்ட இங்குள்ள பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, வந்த பிள்ளைகள் மட்டும் படுத்துவிடுகிறார்கள்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

டிசம்பர் பாதிக்கு மேல் தொடங்கி பிப்ரவரி முடிய. வெயில் தணிந்திருக்கும், சங்கீத சீசன், பொங்கல் எல்லாம் அதற்குள் வந்துவிடும். பள்ளி விடுமுறை காரணமாக மே, ஜூன், ஜூலையில்தான் வர முடியும் என்றால், மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலை மட்டுமாவது தவிர்க்கப் பாருங்கள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கத்திரி முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொன்ன பிறகு வந்த வெயில் அது.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் தொடக்கம் வடகிழக்குப் பருவமழை. அந்தச் சமயத்தில் வந்தால், வேண்டிய மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்து வாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமானங்கள் நின்றன.

புறப்படும் முன் என்னென்ன ஊசி போட வேண்டும்?

நாலு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே உங்கள் ஊரில் பயண மருத்துவரைப் பாருங்கள். டைஃபாய்டு, மஞ்சள்காமாலை வகைகளில் ஹெபடைடிஸ் ஏ, இந்த இரண்டையும் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இரண்டுமே சாப்பாடு, தண்ணீர் வழியாகப் பரவுபவை. டைஃபாய்டு ஊசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். தெற்காசியாவில் டைஃபாய்டு கிருமி பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்குவதில்லை. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இதில் கூடாது.

தட்டம்மை ஊசி, டெட்டனஸ் ஊசி எல்லாம் கணக்கில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை என்றால், 6 மாதம் ஆனதுமே தட்டம்மை ஊசியை முன்கூட்டிப் போடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும். நாய், பூனை என்றால் ஓடிப்போய்த் தடவும் பிள்ளை இருந்தால் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

ஆப்பிரிக்காவில் அல்லது தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இது தனி: தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும்.

மலேரியா மாத்திரை தேவையா?

சென்னையில் மலேரியா முன்பைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இங்கே அதைப் பரப்பும் கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் நகரத்துக் கொசு. மாத்திரை விஷயத்தில் ஒவ்வொரு நாட்டின் அறிவுரையும் ஒவ்வொரு விதம். நீங்கள் வேறு எந்தெந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதையும் சொல்லி, அங்கே உள்ள மருத்துவரையே கேளுங்கள். அவர் மாத்திரை கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

டெங்கு பற்றித்தான் பயம். எப்படித் தப்பிப்பது?

பயப்படுவது நியாயம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

டெங்குக் கொசு கடிப்பது பகலில். காலையிலும், மாலை இருட்டும் முன்னும் அதிகம். ராத்திரி மட்டும் கொசுவலை கட்டிவிட்டு, பகலில் அரைக்கால் சட்டையோடு பிள்ளைகளைத் தோட்டத்தில் விட்டால் பயனில்லை. காலையில் குளித்ததும் கொசு விரட்டும் களிம்பைக் கை, கால், கழுத்து, கணுக்காலில் தடவிவிடுங்கள். டீட் அல்லது பிகாரிடின் இருப்பதாகப் பார்த்து அங்கிருந்தே வாங்கி வரலாம். இங்கே மருந்துக்கடைகளில் ஓடோமாஸ் கிடைக்கும். வேர்த்து வழியும் ஊர் என்பதால் ஒரு தரம் தடவியது நாள் முழுக்க நிற்காது. வெளிர் நிறத்தில், தளர்வான, முழுக்கை பருத்திச் சட்டை வெயிலுக்கும் ஆகும், கொசுவுக்கும் ஆகும்.

இந்தக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. தங்கப்போகும் வீட்டில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்: பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட், தேங்காய் மூடி, மணிபிளான்ட் பாட்டில். முக்கியமாக ஃபிரிட்ஜின் பின்பக்கம், கீழே, நீர் வடியும் ஒரு சின்னத் தட்டு இருக்கும். யாரும் கண்டுகொள்ளாத இடம் அது. டார்ச் அடித்துப் பார்த்தால் புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். வாரம் ஒரு முறை அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். விருந்துக்கு வந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்ப்பதும் இதைத்தான்.

காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே நீங்கள் மறக்கக் கூடாத பதில் இது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். டைலினால், டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் அதேதான், பெயர்தான் வேறு. அட்வில், புரூஃபன், நியூரோஃபன், ஆஸ்பிரின் இவற்றைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். காம்பிஃப்ளாம் என்று இங்கே சர்வ சாதாரணமாகக் கொடுப்பார்கள். அதில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபனும் சேர்ந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். இதய நோய்க்காக தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தானாக நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்குக்கு என்எஸ்1 பரிசோதனை. கூடவே ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மலேரியா, தேவைப்பட்டால் டைஃபாய்டு.

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். உடம்பு சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவது அப்போதுதான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து விழுவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிளேட்லெட் எண் ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சரியான நேரத்தில் சரியான அளவு நீர்ச்சத்து ஏற்றுவதுதான் உயிரைக் காக்கிறது.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

பாட்டி பாசத்தோடு கொண்டுவந்து நீட்டுவார். நிலவேம்புக் குடிநீரை அரசே பல வருடங்களாக விநியோகித்திருக்கிறது. பெரியவர்கள் விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதைக் கொடுத்திருக்கிறோமே, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நாளைத் தள்ளிப் போடுவதுதான் வேண்டவே வேண்டாம். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றைப் புகட்டுவதும் வேண்டாம்.

தண்ணீர்? மெட்ரோ வாட்டர் குடிக்கலாமா?

காய்ச்சிக் குடிக்கலாம். தண்ணீர் நிலையத்தில் சுத்தம் செய்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் டம்ளருக்கு வரும்முன் அது பூமிக்கடியில் உள்ள குழாய், கீழ்த்தொட்டி, மாடித்தொட்டி எல்லாவற்றையும் கடந்து வருகிறது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 20 லிட்டர் கேன் வாங்குகிற வீடு என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும், மூடியில் சீலும், தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேனை வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்க வேண்டாம். அப்புறம், கேன் நல்லதாக இருந்தும் அதைக் கவிழ்த்து வைக்கும் மண்பானையையும் குழாயையும் மாதக்கணக்கில் கழுவாத வீடுகள் உண்டு.

பல் தேய்க்கவும் அந்தக் குடிதண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது வாயைத் திறக்காமல் இருக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பந்தியில் என்ன செய்வது? வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்களே?

கோபிக்காதபடி செய்ய வழிகள் இருக்கின்றன. இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கும் வழக்கம் நல்லதுதான், ஆனால் தெளிப்பது உங்கள் கையில் இருக்கும் பாட்டில் தண்ணீராக இருக்கட்டும். துடைத்த பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டால் ஈரம் நிற்காது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீரை அப்படியே விட்டுவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சுடச்சுட வருவதெல்லாம் சாப்பிடலாம்: சோறு, சாம்பார், ரசம், வடை, ஆவி பறக்கும் பாயசம். கவனிக்க வேண்டியவை தயிர்ப் பச்சடி, கோசுமரி, வெட்டி வைத்த பழம், காலையில் அரைத்து மதியம் வரை பாத்திரத்தில் இருந்த தேங்காய்ச் சட்னி. தேங்காய்ச் சட்னி இந்த ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், புளிப்பு தெரியும் முன்பே கெட்டிருக்கும். இட்லிக்கு மிளகாய்ப் பொடி போதும் என்று சொன்னால் யாருக்கும் வருத்தம் வராது.

கூட்டம் அலைமோதும் சாதாரண மெஸ்ஸை நான் நம்புவேன், ஏனென்றால் அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. ஆளே இல்லாத ஏசி ஹோட்டலில் என்ன எப்போது சமைத்தது என்று தெரியாது. பானிபூரித் தண்ணீர், ஐஸ் போட்ட கரும்புச்சாறு, கடற்கரையில் அறுத்து வைத்த மாங்காய்த் துண்டு மூன்றையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கண்ணெதிரே சீவித் தரும் இளநீர், அப்போதுதான் வெட்டிய நுங்கு, கையால் உரிக்கும் வாழைப்பழம் தாராளமாகக் கொடுக்கலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால்?

உடனே ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. இந்தியாவில் கிடைக்கும் பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு உரியது. ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கினால் உப்பு அதிகமாகி, குழந்தைக்கு ஆபத்தாகும். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்று ஆகாது. பொட்டலம் கிடைக்கவில்லையா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

போக்கை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் இருந்தாலோ பெரியவர்களுக்கும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் தந்துவிடுவார்கள். வாங்காதீர்கள். அழுதால் கண்ணீர் வராத குழந்தை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, கண் குழி விழுந்த குழந்தை, எதுவானாலும் நேராக மருத்துவமனைக்குத்தான்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

சென்னை வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வேர்வை காயாது, அதனால் உடம்பு குளிராது. காலை 10 மணிக்குள் வெளி வேலைகளை முடித்துவிட்டு, மதியம் வீட்டில் இருங்கள். கடல்காற்று உள்ளே வந்த பிறகு மாலையில் கிளம்பலாம். உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு என்று தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டிருங்கள்.

கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலாகட்டும், திருவல்லிக்கேணியாகட்டும், பிரகாரத்துக் கருங்கல் காலை பதினொரு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். தரையில் வெள்ளைப் பூச்சு அடித்த பட்டை அல்லது தேங்காய் நார் விரிப்பு போட்டிருக்கும் வழியிலேயே நடக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கு இது பெரிய ஆபத்து. கால் சுடுவது தெரியாமலே சுற்றிவிட்டு வருவார்கள். ராத்திரி படுக்கும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம் தெரியும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகலாம், சில சமயம் விரலையே இழக்க வேண்டிவரும். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் காலை முதல் பூஜைக்கோ மாலை விளக்கு வைத்த பிறகோ அழைத்துப் போங்கள், கனமான பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள், திரும்பி வந்ததும் நீங்களே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறினாலோ, குழம்பினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வேர்க்குருவுக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு வேளை குளியல், மெல்லிய பருத்தித் துணி, காற்றோட்டம், அவ்வளவுதான்.

இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது?

விமானத்தில் கைப்பையில் எடுத்து வாருங்கள். இங்கே ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் வையுங்கள், உறைபெட்டியை ஒட்டி வேண்டாம். நிறுத்திய காரில் பத்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். எல்லா மருந்துக்கும் மூலப்பெயரோடு எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். அங்கே உள்ள கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே கடைக்காரருக்குத் தெரியாது.

நாய் கடித்தால்? நகம் பட்டாலும் ஊசி வேண்டுமா?

வேண்டும். தெருநாய் என்றில்லை, வளர்ப்பு நாய், பூனை, கோயில் குரங்கு எதுவானாலும் சரி, தோல் கிழிந்திருந்தால் ஊசி வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. அதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் தப்பிவிடலாம்.

முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். பிறகு அன்றைக்கே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி எங்கே வேண்டுமானாலும் போகலாம். ரத்தம் வந்த கடியாக இருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். வாய்விட்டுக் கேளுங்கள்.

தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் ஊசி வரும். நடுவில் ஊர் திரும்ப வேண்டியிருந்தால், தடுப்பூசியின் பெயர், தேதி, போட்ட முறை எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு போய் அங்கே மீதியை முடியுங்கள். பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து நகக்கீறலை மறைப்பார்கள். திட்ட மாட்டேன் என்று வந்த முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கிராமத்துக்கும் போகிறோம். பாம்பு?

இருட்டில் டார்ச், காலில் செருப்பு, படுக்கை தரையில் வேண்டாம். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கடலில் இறங்கலாமா?

கால் நனைக்கலாம், கணுக்கால் அளவுக்கு. அதற்கு மேல் வேண்டாம். மெரினாவில் குளிக்கக் காவல்துறை தடை விதித்திருக்கிறது, காரணத்தோடுதான். இந்தக் கரை சட்டென்று ஆழமாகும். அலைகள் உடையாமல் நடுவில் அமைதியாகத் தெரியும் இடம் இருக்கிறதே, அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளைக்கும் இது தெரியாது. பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னம், 1930இல் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க் மாலுமி ஷ்மிட் நினைவாகக் கட்டியது. தப்பித்தவறி இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

தெருவில் மழைத்தண்ணீர் நின்றால் நடக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். அடியில் திறந்த மழைநீர் வடிகால் இருக்கலாம், நடைபாதை ஓர மின்பெட்டியிலிருந்து மின்சாரம் கசியலாம், காலில் சிறு காயம் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி புகலாம். நடந்தே ஆக வேண்டும் என்றால் தெரு நடுவே, முன்னால் ஒரு கம்பை ஊன்றிப் பார்த்து நடங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மெட்ராஸ் ஐ வந்துவிட்டால்?

பார்த்தால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை வழியாகத்தான் ஒட்டும். கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.

தீபாவளி, போகி சமயத்தில் வருகிறோம். ஆஸ்துமா இருக்கிறது.

இரண்டு நாட்களிலும் விடியற்காலைப் புகை மோசமாக இருக்கும். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருங்கள். இன்ஹேலர் இரண்டு கொண்டு வாருங்கள், ஒன்று எப்போதும் உடம்போடு. பட்டாசு வெடிக்கும் பிள்ளைகளுக்கு நைலான் கவுன் வேண்டாம், பருத்தி உடையும் செருப்பும் போடுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னீர்கள், உண்மையில் எது பெரிய ஆபத்து?

சாலை. கொசுவையும் தண்ணீரையும் பற்றி அத்தனை கேள்வி கேட்பவர்கள் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

நள்ளிரவில் விமானம் இறங்கும். வெளியே திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாமா கார் அனுப்பியிருப்பார். அந்த டிரைவர் பகல் முழுக்க ஓட்டி வந்து, வாகன நிறுத்தத்தில் அரைத் தூக்கம் போட்டவர். நீங்களும் தூங்கிவிடுவீர்கள், பிள்ளைகள் மடியில். விடியற்காலை மூன்று மணி, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. இப்படிப்பட்ட விபத்துச் செய்திகளைப் படிக்காத வருடம் இல்லை. தயவுசெய்து அந்த இரவு சென்னையில் தங்குங்கள். உறவுக்காரர் வீடு இல்லையென்றால் அறை எடுங்கள். டிரைவரும் படுத்துத் தூங்கட்டும், அவருக்கும் ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். குலதெய்வம் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும்.

வாடகைக் கார் வந்ததும் பின் இருக்கையைப் பாருங்கள். வெள்ளைத் துணி உறை அல்லது ரெக்சின் உறை போட்டு, பெல்ட் மாட்டும் இடத்தை அடியில் புதைத்திருப்பார்கள். பெல்ட் இருக்கிறது, கொக்கி இல்லை என்ற நிலை. முன்பதிவு செய்யும்போதே பின் பெல்ட் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், வந்த பிறகு உறையைக் கழற்றச் சொல்லுங்கள். குழந்தை இருக்கை இங்கே வாடகைக் கார்களில் அநேகமாகக் கிடையாது, உங்களுடையதைக் கொண்டுவருவதுதான் வழி. குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காராதீர்கள்.

மைத்துனன் பைக்கை நீட்டினால், இரண்டு ஹெல்மெட் இருந்தால் மட்டும் ஏறுங்கள். ஒரே வண்டியில் மூன்று பேர், முன்னால் டாங்கில் பிள்ளை, இதெல்லாம் எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக நீங்களும் செய்ய வேண்டாம். வலதுபக்கம் வண்டி ஓடும் நாட்டிலிருந்து வருகிறவர்களின் கண் பழக்கத்தில் தப்பான பக்கம் பார்க்கும், ஒருவழிப் பாதையிலும் எதிரே வண்டி வரும். பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடந்து செல்லுங்கள், விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது? காப்பீடு வேண்டுமா?

ஆம்புலன்ஸுக்கு 108, கட்டணம் இல்லை. காவல், தீயணைப்பு உள்பட எல்லா அவசரத்துக்கும் 112. தங்கியிருக்கும் வீட்டின் முகவரியையும் பக்கத்து அடையாளத்தையும் தமிழில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். பதற்றத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வராது. பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். அதற்குப் பிறகும் செலவு இருக்கிறது, அதனால் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள். பில், பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றின் அசலையும் வாங்கிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால்?

முதல் வாரத்தில் வந்தாலும் சரி, ஆறு மாதம் கழித்து வந்தாலும் சரி, இந்தியாவுக்குப் போய் வந்தேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். அங்குள்ள மருத்துவருக்குச் சளிக்காய்ச்சல்தான் முதலில் தோன்றும், மலேரியாவோ டைஃபாய்டோ தோன்றாது. டைஃபாய்டு ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை கழித்தும் தலைகாட்டும். சென்னையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதங்கள் கழித்துக்கூடக் கிளம்பும், மாத்திரை சாப்பிட்டிருந்தாலும். எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று போனில் குறித்து வையுங்கள். மலேரியா பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், முதல் தடவை இல்லை என்று வந்து காய்ச்சல் விடாமல் இருந்தால் மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள்.